ஒரே சருகில் இரை தேடும் இருவர்

எங்கள் வீட்டுக் கொல்லையின் மேற்கு மூலையில், தென்னை மட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்கும் எருக்குழிக்கும் நடுவே, மாஞ்சருகு கணுக்கால் அளவுக்குச் சேர்ந்து கிடக்கும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடலாம் என்று வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறையாவது பேச்சு வரும், நான் விடுவதில்லை. முப்பது ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்துவிட்டு, பணி ஓய்வுக்குப் பின் குடமுருட்டிக் கரையில் இருக்கும் இந்தச் சொந்த ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து, அந்தச் சருகை நம்பி நாள் தவறாமல் வரும் இரண்டு உயிர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் காலை வேலையாக இருக்கிறது. ஒன்று கீரிப்பிள்ளை. மற்றொன்று குண்டுக்கரிச்சான் என்னும் சிறு பறவை.

இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. கீரிக்கு இணை பாம்புதான் என்பது நமக்குச் சிறு வயதிலேயே முடிவாகிவிட்டது. ஒத்துப்போகாத இருவரைக் கண்டால் ‘கீரியும் பாம்பும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குண்டுக்கரிச்சானை அறிந்தவர்களும் அதன் பாட்டை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். கீரி என்றால் கொலை, கரிச்சான் என்றால் பாட்டு என்று தனித்தனிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். நான்கு ஆண்டுகளாகப் பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்ததில், அந்தப் பெட்டிகள் நம்முடைய வசதிக்காக நாம் செய்துகொண்டவை என்றே எனக்குத் தோன்றுகிறது. கீரி பாம்போடு மோதி நான் பார்த்தது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதுவும் பத்து வயதில், வைக்கோல்போரின் அடியில். கரிச்சான் நெஞ்சு நிறையப் பாடுவதோ ஆண்டில் ஏறத்தாழப் பாதி மாதங்கள்தான். மற்ற பொழுதெல்லாம் இரண்டும் செய்வது ஒரே வேலையைத்தான்: சருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் வண்டையும் புழுவையும் தேடிப் பிடித்துத் தின்கின்றன.

முதலில் வருவது கரிச்சான். கிழக்கு வெளுப்பதற்கு முன்பே, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நின்று பாடத் தொடங்கிவிடும். எதிரே இருக்கும் வேலிக்கிளுவையின் கிளைகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டுத் தரைக்கு இறங்கும். ஆண் பறவையின் தலையும் முதுகும் மார்பும் நீலப் பளபளப்பு ஏறிய கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் ஒரு நீண்ட வெள்ளைப் பட்டை. பெட்டையின் உடலில் அந்தக் கறுப்பு இருக்கும் இடமெல்லாம் சாம்பல் நிறம். இரண்டும் வாலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்திப் போகும், சட்டென்று நிற்கும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சருகைப் பார்க்கும். அந்த நிற்றல்தான் வேட்டை. ஒரு சருகின் ஓரம் துளி அசைந்தாலும் போதும், அலகு அங்கே இருக்கும். ஒருநாள் அது பிடித்த பூரான் அதன் அலகைச் சுற்றிக்கொண்டது. பறவை பதறவில்லை. அதைக் கிணற்றடிக் கல்லில் இடப்பக்கம் ஓர் அடி, வலப்பக்கம் ஓர் அடி என்று மாற்றி மாற்றி அறைந்து, நெளிவு அடங்கிய பிறகு தலைப்பக்கமாக விழுங்கியது. அதைப் பார்த்தவர் யாரும் அந்தப் பறவையை வெறும் பாட்டுக்காரன் என்று சொல்ல மாட்டார்கள்.

கீரி வருவது வெயில் ஏறத் தொடங்கிய பிறகு. மட்டை அடுக்கின் இடுக்கிலிருந்து முதலில் மூக்கு மட்டும் வெளியே வரும்; அது காற்றை நான்கைந்து முறை முகர்ந்து பார்த்த பிறகே தலை வரும், பிறகு உடல், அதன் பிறகு உடலுக்குச் சமமான நீளத்தில் வால். கரிச்சானைப்போல அது நின்று பார்ப்பதில்லை. மூக்கைச் சருகுக்குள் புதைத்துக்கொண்டு, யாரோ தரையில் எழுதி வைத்த வரியை விரல் வைத்துப் படிப்பதைப் போல, வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் மூக்கு நின்றால் முன்னங்கால் நகங்கள் வேலையைத் தொடங்கிவிடும். எருக்குழியின் ஓரத்தில் அது தோண்டும்போது நான் பலமுறை கண்டது, தென்னைக்குப் பெரும் பகையான காண்டாமிருக வண்டின் புழுக்களை அது ஒவ்வொன்றாக இழுத்துத் தின்பதைத்தான். கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் அந்தப் புழுவைத் தென்னை வைத்திருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எலி, அரணை, ஓணான், வயல் நண்டு, கோழி முட்டை, கோழிக்குஞ்சு என்று கீரிக்கு விலக்கு எதுவும் இல்லை. மாமரத்தடியில் விழுந்து வெடித்த பழத்தையும் நக்கித் தின்றுவிட்டுப் போகும்.

ஆக, ஒரே நிலத்தில், ஒரே சருகுக்குள், ஏறத்தாழ ஒரே இரையை, ஒன்று கண்ணாலும் மற்றது மூக்காலும் தேடுகின்றன. பறவை மேலிருந்து பார்க்கிறது. அசைவு இல்லாவிட்டால் அதற்கு இரை இல்லை. கீரி கீழிருந்து முகர்கிறது; அசையாமல் மண்ணுக்குள் உறங்கும் புழுகூட அதனிடமிருந்து தப்புவதில்லை. அளவிலோ இரண்டுக்கும் ஒப்பே கிடையாது. நம் ஊரில் சாதாரணமாகக் காணும் சாம்பல் கீரி ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின்னாகத் தொடங்கி ஒன்றரைக் கிலோவைத் தாண்டியும் வளரும். குண்டுக்கரிச்சான் அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 19 சென்டிமீட்டர். எடையோ 30 முதல் 40 கிராம் வரைதான். ஒரு கீரியை வைத்த தராசின் மறுதட்டில் முப்பது கரிச்சான்களையாவது வைக்க வேண்டியிருக்கும்.

வகைப்பாட்டியலில் ‘ஊனுண்ணிகள்’ என்ற வரிசையில் கீரி வருகிறது. நாய், பூனை, கரடி எல்லாம் அந்த வரிசைதான். அதற்குள்ளும் கீரியின் குடும்பம் நாயைவிடப் பூனைக்கும் கழுதைப்புலிக்கும் நெருங்கியது என்பது நீண்ட மூஞ்சியைப் பார்த்து நாய்ச் சாதி என்று நினைத்திருந்த எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. ஆனால் இந்த ‘ஊனுண்ணி’ என்ற பெயர் வம்சாவளியைச் சொல்லும் பெயரே தவிர, சாப்பாட்டைச் சொல்லும் பெயர் அன்று. நாள் முழுவதும் மூங்கில் தின்னும் பாண்டாக் கரடியும் அதே வரிசையில்தான் இருக்கிறது. மாம்பழம் நக்கும் கீரியும் ஊனுண்ணி. புழு, பூச்சி, சில நேரங்களில் குட்டிப் பல்லி என்று ஏறத்தாழ முழுக்க முழுக்க ஊனையே தின்று வாழும் கரிச்சானோ ‘பாடும் பறவை’. தட்டில் இருப்பதை மட்டும் கணக்கிட்டால், என் கொல்லையில் கண்டிப்பான ஊனுண்ணி அந்த முப்பத்தைந்து கிராம் பறவைதான்.

பெயரைப் பற்றிப் பேசும்போது தமிழ் இந்த இருவருக்கும் செய்திருக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர்களை வகைப்படுத்தும் தொல்காப்பிய மரபியல், பார்ப்பு, பிள்ளை என்ற இரண்டையும் பறப்பவற்றின் இளமைக்கு உரியவையாகச் சொல்கிறது. மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்குக்கும் குட்டி என்ற பெயரைக் கொடுக்கிறது; பறழ் என்றும் சொல்லலாம் என்று இடம் விடுகிறது. மூங்கா என்பது கீரியின் பழம்பெயர். இலக்கணப்படி பார்த்தால் பிள்ளை என்ற சொல்லுக்கு உரிமை கரிச்சானுடையது. கீரிக்குக் கிடைத்தது குட்டி. ஆனால் மக்களின் நாக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கீரிக்கும் அணிலுக்கும் கொடுத்துவிட்டது. குட்டியை மட்டுமல்ல, கிழக் கீரியையும் கீரிப்பிள்ளை என்றுதான் சொல்கிறோம். தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்துவிட்டு, வாயில் இரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வந்து, அவசரப்பட்ட தாயின் கையால் செத்துப்போன கீரியின் கதையை என் பாட்டி சொல்லும்போது, ‘பிள்ளை’ என்ற இடத்தில் குரல் கம்மும். அந்தக் கதை நெடுங்காலம் புழங்கிய வீடுகளில் அதைப் பிள்ளை என்று அழைத்ததில் ஆச்சரியம் இல்லை.

அதே கதைதான் கீரியைப் பாம்போடு சேர்த்துக் கட்டியும் போட்டுவிட்டது. பாம்பு கடித்ததும் கீரி ஓடிப்போய்க் கீரிப்பூண்டைத் தின்று விஷத்தை முறித்துக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். உண்மை அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன் போன்றவற்றின் விஷத்தில் இருக்கும் ஒரு வகை நஞ்சு, நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போய்ச் சேரும் இடத்தில் உள்ள ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்வதால்தான், கடிபட்ட உயிரின் மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. கீரியின் உடலில் அந்த ஏற்பியின் வடிவம் சில இடங்களில் மாறியிருக்கிறது; நஞ்சு வந்து உட்கார வேண்டிய இருக்கையில் அதற்கு இடம் இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 1992இல் இதை வெளியிட்டார்கள். ஆனாலும் எல்லா விஷத்துக்கும் இது காப்பு அன்று. அதைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அதன் வேகமும், சிலிர்த்து நிற்கும் விறைப்பான முடியும்தான்.

இந்த ஒரு திறமையை மட்டும் பார்த்து அதை வேலைக்கு அமர்த்திய இடங்களில் என்ன நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில், ஹபு என்னும் விஷப்பாம்பை ஒழிப்பதற்காக 1979இல் ஏறத்தாழ 30 கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை நம் சாம்பல் கீரிக்கு நெருங்கிய உறவான சிறு கீரி வகை. ஹபு இரவில் நடமாடும் பாம்பு. கீரியோ பகலில் திரியும் விலங்கு. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே வாய்ப்புக் குறைவு. என் கொல்லைக்குச் சூரியன் ஏறிய பிறகே வரும் கீரியைப் பத்து நாள் பார்த்திருந்தால்கூட இது தெரிந்திருக்கும். பாம்பு தப்பித்தது, அந்தப் பகுதித் தீவுகளில் மட்டும் வாழும் அரிய முயல்களும் பறவைகளும் அழியத் தொடங்கின. ஒரு கட்டத்தில் கீரிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 10,000 வரை போயிற்று. பிறகு பல ஆண்டுகள் பொறி வைத்தும் நாய்களைப் பழக்கியும் பிடித்து, 2024 செப்டம்பரில்தான் தீவில் கீரி இல்லை என்று அரசு அறிவித்தது. ஹவாய்த் தீவுகளிலும் இதே கதை, வேறு பாத்திரங்களோடு: கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க 1883இல் ஜமைக்காவிலிருந்து கீரிகளை இறக்கினார்கள், அவை தரையில் கூடு கட்டும் பறவைகளைத் தின்றன. கொண்டுபோனவர்கள் செய்த பிழைக்கு, எதற்காக வந்தோம் என்று அறியாத விலங்கு உயிரைக் கொடுத்தது.

இனி பாட்டைப் பற்றி. மாசி பிறந்ததும் குண்டுக்கரிச்சானின் குரல் மாறுவது எனக்குத் துல்லியமாகத் தெரியும். மழைக்காலம் முழுவதும் அது ‘ஸ்வீ’ என்று நீட்டி ஓர் ஒற்றை விளியும், எரிச்சல் வந்தால் ‘ச்சர்’ என்று ஒரு கரகரப்பும்தான் போட்டுக்கொண்டிருக்கும். மாசியில் முதல் நாள் இரண்டு சீழ்க்கைகள் ஒட்டி வரும்; ஒரு வாரத்தில் அவை நான்காகும்; பங்குனியில் ஒரு மூச்சுக்குள் இத்தனை வளைவுகளா என்று நாம் அசந்துபோகும் அளவுக்கு நீண்டுவிடும். ஆனி, ஆடி வரை இந்தக் கச்சேரி தொடரும். பறவைகளின் குரல் நம்மைப்போலத் தொண்டையின் மேற்பகுதியில் பிறப்பதில்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரல்களுக்குள் போகும் கவட்டில் அவற்றுக்கு ஒரு குரலுறுப்பு இருக்கிறது. பாடும் பறவைகளில் அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக இயங்கக்கூடியவை. ஒரு பக்கம் ஒரு சுரத்தைப் பிடித்திருக்கும்போதே மறுபக்கம் அடுத்ததைத் தொடங்கிவிடலாம். தவிலும் நாயனமும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்தப் பாட்டு பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை என்பதுதான். பாடும் பறவைகளின் குஞ்சுகள் மூத்த பறவைகளின் பாட்டைக் கேட்டு, மனத்தில் வாங்கி, பிறகு தாமே பாடிப் பாடித் திருத்திக்கொள்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிணற்றடி முருங்கையில் ஓர் இளங்கரிச்சான் நண்பகல் நேரத்தில் இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு, வாயை அதிகம் திறக்காமல், முணுமுணுப்பதைப் போலப் பாடிப் பார்த்ததை நான் பல நாள் கேட்டேன். பாதிச் சொற்றொடரில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஓர் இடத்தில் அணிலின் கீச்சொலியைப் போன்ற ஒன்றை நுழைத்துப் பார்க்கும். என் வகுப்பில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, அழித்து, திரும்பப் போடும் பிள்ளைகளின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

கீரிக்கு இப்படி ஒரு கலை கிடையாது என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் அது ஊமை அன்று. தாய்க்கீரி மூன்று குட்டிகளை வரிசையாக அழைத்துக்கொண்டு மட்டை அடுக்கிலிருந்து வேலிக்குப் போகும்போது, ஒவ்வொன்றின் மூக்கும் முன்னே போவதன் வாலைத் தொட்டுக்கொண்டிருக்க, இடைவிடாமல் ஒரு மெல்லிய கொக்கரிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசிக் குட்டி பின்தங்கினால் அந்த ஒலியின் சுதி ஏறும். பத்தடிக்கு அப்பால் அது யாருக்கும் கேட்காது. கேட்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கமும். கரிச்சானின் குரல் இந்த மரம் என்னுடையது என்று தெருவுக்கே அறிவிப்பது. கீரியின் குரல் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று குட்டிக்கு மட்டும் சொல்வது.

போன வைகாசியில் நடந்ததை எழுத எனக்குத் தயக்கம் இருந்தது. எங்கள் மதிலில், கட்டும்போது சாரக்கட்டுக்கு விட்ட ஓட்டை ஒன்று அடைபடாமல் இருக்கிறது. தரையிலிருந்து இடுப்பளவு உயரம். கரிச்சான் ஜோடி அதில் வேரும் தேங்காய் நாரும் கொண்டுவந்து வைத்துக் கூடு கட்டியிருந்தது. வெளிறிய நீலப்பச்சை ஓட்டில் செம்பழுப்புப் புள்ளிகளோடு நான்கு முட்டைகள். பெட்டை மட்டுமே அடைகாத்தது. ஆண் முருங்கையில் காவல். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சுகள் பொரிந்தன, பிறகு இரண்டும் மாறி மாறி இரை கொண்டுவந்தன. அந்த நாட்களில் ஆண் பாட்டைக் குறைத்துக்கொண்டு வேட்டையைக் கூட்டிவிட்டது. ஒரு நடைக்கு ஒரு புழு என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஓட்டம்தான்.

குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கிய அன்று காலை, இரண்டு குஞ்சுகள் முருங்கைக் கிளைக்கு எப்படியோ தொற்றிக்கொண்டன. மூன்றாவது மதிலடியில், சருகில், குட்டை வாலும் புள்ளி போட்ட மார்புமாக உட்கார்ந்திருந்தது. நான் படியில் இருந்தேன். மட்டை அடுக்கில் மூக்கு தெரிந்தது. எனக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும்; கைக்கெட்டும் தூரத்தில் துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது. என் மனைவி சமையலறை சன்னலிலிருந்து, “என்னங்க, சும்மா உட்கார்ந்திருக்கீங்க? விரட்டுங்க!” என்று கத்தினாள். கரிச்சான்கள் இரண்டும் கீரியின் தலைக்கு ஒரு சாண் உயரத்தில் மாறி மாறிப் பாய்ந்தன. அந்தக் கரகரப்புக் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அதற்கு முன் நான் அறிந்ததில்லை. கீரி ஒருமுறை தலையைத் தாழ்த்திக்கொண்டது, அவ்வளவுதான். நான் எழுந்து இரண்டடி வைப்பதற்குள் அது குஞ்சைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வேலிக்குள் போய்விட்டது.

நான் எழத் தாமதித்தது உண்மை. ஏன் என்று என் மனைவி அன்று முழுவதும் கேட்டாள். என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலையில் அதுவரை அந்தக் கரிச்சான்கள் கொன்று கொண்டுவந்த உயிர்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டுக்கிளி, சிலந்தி, மரவட்டை, குட்டி அரணை. ஒவ்வொன்றும் துடித்துத்தான் செத்தது. மட்டை அடுக்குக்குள் கீரிக்குக் குட்டிகள் இருந்ததும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் துடைப்பத்தை எடுக்க எனக்கு என்ன உரிமை என்பது ஒரு கணம் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. குஞ்சின் மீது எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. இன்றும் அந்த மதிலடியைக் கடக்கும்போது கண் அங்கே போகத்தான் செய்கிறது. ஆனால் கீரியை அன்று வெறுக்க என்னால் முடியவில்லை. இயற்கையாக நடக்கும் வேட்டையில் ஒரு குஞ்சு போனால் கரிச்சான் மீண்டும் முட்டையிடும். இந்த இரண்டு உயிர்களுக்கும் உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை நான் அதற்கு முந்தைய ஆண்டே என் கையில் வைத்துப் பார்த்திருந்தேன்.

கும்பகோணம் சாலையில் வண்டியில் அடிபட்ட கீரி ஒன்று கிடந்தது. மேலும் வண்டிகள் ஏற வேண்டாம் என்று கோணிச் சாக்கில் எடுத்துக் கொல்லையில் புதைக்கக் கொண்டுவந்தேன். உயிரோடு இருக்கும் கீரியின் நிறத்தை யாரும் சரியாகச் சொல்லிவிட முடியாது. சாம்பல் என்றால் பழுப்பு தெரியும், பழுப்பு என்றால் வெள்ளை மினுங்கும். அன்று முதன்முறையாக ஒரு முடியைத் தனியாகப் பிரித்து விரல்களுக்கிடையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே முடியில் கரும்பழுப்பு, பிறகு தந்தவெள்ளை, மறுபடி கரும்பழுப்பு என்று பட்டை பட்டையாக நிறம் மாறியது. நுனி ஊசியாகக் கூர்ந்திருந்தது. பார்த்த அந்தக் கணத்தில் எனக்கு வயிறு கலங்கிப்போயிற்று. அந்தப் பட்டைகளை நான் முப்பது ஆண்டுகள் தினமும் பார்த்திருக்கிறேன். உள்ளே போய்ப் பழைய தகரப் பெட்டியைத் திறந்து, நான் கண் வரைவதற்கென்றே பத்திரமாக வைத்திருந்த தூரிகையை எடுத்து வந்து, இறந்த உடலின் பக்கத்தில் வைத்தேன். முடிக்கு முடி ஒன்றுதான்.

தண்ணீரைத் தாங்கும், வளைத்தால் நிமிரும், நுனி பிரியாது என்று சொல்லி, அந்தத் தூரிகையைத் தேடி வாங்கி என் மாணவர்களுக்கும் வாங்கிக் கொடுத்தவன் நான். அது எந்த முடி என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒரு கிலோ முடிக்கு ஏறத்தாழ 50 கீரிகளைக் கொல்ல வேண்டும் என்று காட்டுயிர்க் குற்றங்களைக் கவனிப்பவர்கள் சொல்கிறார்கள். கீரியைக் கொல்வதையும் அதன் முடியை விற்பதையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது; ஆனாலும் 2019இல் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவினர் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தியபோது, பல்லாயிரக்கணக்கான தூரிகைகளும் மூட்டை மூட்டையாக முடியும் கிடைத்தன. இன்று செயற்கை இழைத் தூரிகைகள் நன்றாகவே வந்துவிட்டன. ஓவியம் கற்பிக்கும் எவரும், கற்கும் பிள்ளைகளின் பெற்றோரும், தூரிகையின் முடியில் வெள்ளையும் பழுப்புமான பட்டை தெரிகிறதா என்று ஒரு நொடி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும் என்று இங்கே கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

கரிச்சானுக்கு முடி இல்லை; அதனிடம் எடுத்துக்கொள்ள இருப்பது குரல். சிங்கப்பூரில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர்கள் குடியிருப்புக்குக் கீழே இருந்த மரத்தில் ஒரு குண்டுக்கரிச்சான் பாடியது. ஊரில் கேட்ட குரலை அங்கே கேட்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொன்னபோது, அந்தப் பறவை அங்கே எழுபதுகளில் ஏறத்தாழ அழிந்தேபோயிருந்தது என்றாள் தங்கை. கூண்டில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்காகப் பிடித்துப் பிடித்தே தீர்த்திருக்கிறார்கள். எண்பதுகளில் மறுபடி கொண்டுவந்து விட்டு, மெல்ல மெல்லப் பெருகியிருக்கிறது. இந்தோனேசியாவில், குறிப்பாக ஜாவாவில், கூண்டுப் பறவைகளைப் பாட வைத்துப் பரிசு கொடுக்கும் போட்டிகள் இன்றும் பெரிய அளவில் நடக்கின்றன. குண்டுக்கரிச்சானும் அதன் நெருங்கிய உறவான சோலைபாடியும் அங்கே பெரிதும் விரும்பப்படுபவை. நன்றாகப் பாடுகிற ஆணுக்குத்தான் விலை. காட்டில் பெட்டையை ஈர்க்கவும் இடத்தைக் காக்கவும் எந்தப் பாட்டு அதற்குக் கைகொடுத்ததோ, அதே பாட்டு பொறி வைப்பவனுக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பங்களாதேசம் இதே பறவையைத் ‘தோயல்’ என்ற பெயரில் தன் தேசியப் பறவையாக வைத்திருக்கிறது; நோட்டுகளில்கூட அதன் படம் உண்டு.

அழகாக ஒரு கோடு போட நமக்கு ஆசை. அதற்காகக் கீரி சாகிறது. அழகாக ஒரு பாட்டுக் கேட்க ஆசை. அதற்காகக் கரிச்சான் கூண்டுக்குப் போகிறது. என் கொல்லையில் நடந்த கொலை பசிக்காக நடந்தது. இந்த இரண்டும் கலையின் பெயரால் நடப்பவை, நான் வாழ்நாளெல்லாம் எதற்கு உழைத்தேனோ அதன் பெயரால். அந்தத் தூரிகையைக் கீரியோடு சேர்த்தே புதைத்துவிட்டேன்.

வைகாசியில் குஞ்சை இழந்த ஜோடி, எஞ்சியவை தானாக இரை தேடப் பழகிய பிறகு, ஆனியில் மறுபடியும் அதே மதில் ஓட்டைக்கு நார் கொண்டுவந்தது. இந்த முறை நான் ஓட்டைக்குக் கீழே இரண்டு முழ உயரத்துக்குக் கருவேல முள்ளை வைத்துக் கட்டினேன். இதற்கு எனக்கு உரிமை உண்டா என்று யோசிக்கவில்லை. இந்த ஆண்டு மழை முடிந்து சருகு காய்ந்த பிறகு, ஒரு காலையில் கீரி எருக்குழி ஓரத்தில் தோண்டிக்கொண்டிருந்தது. மண் பின்பக்கமாகத் தெறித்து விழுந்தது. அதற்கு ஆறடி பின்னால், வாலைத் தூக்கிக்கொண்டு, ஆண் கரிச்சான் நின்றது. கீரி நகர்ந்ததும் அது தத்தி வந்து, புதிதாகப் புரண்ட ஈரமண்ணில் தலையைச் சாய்த்துப் பார்த்து, நெளிந்த ஒரு மண்புழுவை இழுத்தது. கீரி திரும்பிப் பார்த்தது. கரிச்சான் மேலும் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டது, பறக்கவில்லை. கீரி அடுத்த குழியைத் தோண்டத் தொடங்கியது.